பணத்தை இருட்டில் போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கல்யாண மண்டபத்து மாடி, நூலகக் கூடம், கல்லூரி செமினார் ஹால், காலைக் காட்சிக்கு மட்டும் கிடைத்த தியேட்டர் என்று கிடைத்த இடத்தில் ஒரு மாதம் நல்ல படங்கள் போட நினைப்பவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். 60 பேர் உட்காரும் மாடி ஹால் ஒன்று கிடைத்திருக்கிறது. ஜனவரி முழுக்கத் தினம் ஒரு படம் என்று ஒரு கட்சி, வாரம் ஒன்று போதும் என்று ஒரு கட்சி. எது சரி? (மணப்பாறை)

வாரம் ஒன்று. தினம் ஒரு படம் என்றால் 31 அனுமதிக் கடிதம், 31 பிரதி, 31 முறை ஓட்டிப் பார்க்கும் வேலை. நாலாவது நாள் ஆறு பேரில் இரண்டு பேர்தான் நாற்காலி போட நிற்பார்கள். பார்க்க வருகிறவர்களும் அதே 60 பேர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே கிழமை, ஒரே நேரம், நாலு படம். ஜனவரியில் பொங்கலை ஒட்டிய ஞாயிற்றை விட்டுவிடுங்கள். பாதிப் பேர் சொந்த ஊரில் இருப்பார்கள், மீதிப் பேர் புதுப்பட டிக்கெட்டுக்கு நிற்பார்கள்.

வரிசையில் கவனிக்க வேண்டியது இரண்டாவது வாரம். முதல் வாரம் என்னதான் நடக்கிறது பார்க்கலாம் என்று வருவார்கள். இரண்டாம் வாரம் வருகிறவர்கள்தான் உங்கள் ஆட்கள். அதனால் முதல் இரண்டு படமும் 110 நிமிடத்துக்குள், கதை இழுத்துக்கொண்டு போகிற படங்களாக இருக்கட்டும். மெதுவான படம், வசனமே இல்லாத படம், உங்களில் ஒருவர் உயிரைக் கொடுத்துப் பரிந்துரைக்கும் படம் எல்லாம் மூன்றாம் வாரத்துக்கு. நாலாம் வாரம் சுற்றுவட்டார இளைஞர்கள் எடுத்த குறும்படங்கள் நாலைந்து, மொத்தம் 90 நிமிடத்துக்குள். எடுத்தவர்களும் அவர்கள் வீட்டாருமே பாதி ஹாலை நிரப்பிவிடுவார்கள்.

நேரத்தைக் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பஸ் 9:10 என்றால் 8:45-க்கு ஹால் காலியாக வேண்டும். பேச்சுக்கு 20 நிமிடம், படத்துக்கு 110 நிமிடம், அறிமுகத்துக்கு 5 நிமிடம். ஆக, 6:30-க்குத் தொடங்கியாக வேண்டும். ஜனவரியில் அதற்குள் இருட்டிவிடும். ஜூன், ஜூலையில் உங்கள் பக்கம் 6:40 வாக்கில்தான் சூரியன் மறையும். அந்த மாதங்களில் 7 மணிக்கு முன் தொடங்க வேண்டாம், 80 நிமிடத்துக்குள் முடியும் படமாகப் பாருங்கள்.

வரவு செலவை 25 பேர் வருவார்கள் என்று வைத்துப் போடுங்கள். 60 பேர் வந்தால்தான் கட்டுப்படியாகும் என்கிற திட்டம் முதல் மழையில் மூழ்கிவிடும்.

பிரதி 10 நாள் முன்னால் கையில் இருக்க வேண்டும். அன்று ஓட்டப்போகும் அதே லேப்டாப்பில் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் பார்த்து மூடிவைப்பதில் பயனில்லை. பாதியில் அறுந்துபோன ஃபைல் முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காகத்தான் ஓடும்.

டிக்கெட் இல்லாமல் இலவசமாகப் போட்டால் யாரிடமும் அனுமதி வேண்டாம் என்கிறார்கள். உண்மையா? எங்களிடம் இருக்கும் ஓடிடி கணக்கிலிருந்து போடலாமா? (தென்காசி, காரைக்குடி)

இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில்.

காசு வாங்காததால் மட்டும் பொதுத் திரையிடலுக்கு உரிமை வந்துவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் சில விலக்குகள் உண்டு. கல்வி நிறுவனத்துக்குள் ஆசிரியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர், காப்பாளர், அந்த நிறுவனத்தின் பணியோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் பார்க்கும் திரையிடல் அதில் வரும். கல்லூரி வாசலில் போஸ்டர் ஒட்டி ஊரையே அழைத்தால் அந்த விலக்கு போய்விடும். அமெச்சூர் மன்றங்களுக்கு ஒரு விலக்கு உண்டென்று சிலர் காட்டுவார்கள். அது நாடகம், இசை, இலக்கியம் நிகழ்த்துவதற்கு, சினிமாவுக்கு அல்ல.

ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்குக் கொடுத்தது. நெட்ஃபிளிக்ஸ் சில ஆவணப்படங்களைக் கல்விக்காக ஒருமுறை திரையிடலாம் என்று அனுமதிக்கிறது. அந்தப் படத்தின் பக்கத்திலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு இல்லாத படத்தைத் தொட வேண்டாம். தொழில்நுட்பமாகவும் அது வம்பு: பழைய புரொஜெக்டர், மலிவான பிரிப்பான் (ஸ்ப்ளிட்டர்) வழியாகப் போனால் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழுந்து, ஒலி மட்டும் கேட்டுத் திரை கறுப்பாக நிற்கும்.

பழைய படங்களுக்கு வழி இருக்கிறது. இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வந்த படத்தின் காப்பு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஆனால் பாட்டு, கதை ஆகியவற்றின் உரிமை எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு தனியாக ஓடும். புதுப்பித்த பிரதியை ஒருவரிடமிருந்து வாங்கினால் அவர் போடும் நிபந்தனைக்கும் கட்டுப்பட வேண்டும். படம் பொதுவுடைமை ஆகிவிட்டது என்ற ஒரு வரியை மட்டும் நம்பி டிக்கெட் அச்சடிக்காதீர்கள்.

புதிய சுயாதீனப் படங்களுக்கு இயக்குநரிடமோ தயாரிப்பாளரிடமோ நேரே எழுதுங்கள். கடிதத்தில் ஏழு விவரம் வேண்டும்: படம், தேதி, இடம், இருக்கை எண்ணிக்கை, டிக்கெட்டா இலவசமா, எத்தனை காட்சி, எந்த வடிவில் பிரதி தேவை. இதெல்லாம் இல்லாமல் ‘தங்கள் படத்தைத் திரையிட ஆவல்’ என்று மட்டும் எழுதினால் பதில் வராது, வந்தாலும் கேள்வியாகத்தான் வரும். ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசிக்கொள்வது சிறு அரங்குக்கு நல்லது. வசூலில் பங்கு என்றால் 25 பேர் டிக்கெட்டுக்குக் கணக்கு எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். வெளிநாட்டுப் படங்களுக்கு அலையன்ஸ் ஃபிரான்சேஸ், கோத்தே நிறுவனம் போன்ற பண்பாட்டு மையங்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

தணிக்கைச் சான்றிதழ் வேறு விஷயம். 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டுப் படத்துக்கும் வேண்டும். விலக்கு அளிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. 1959-ல் சத்யஜித் ரே தலைமையில் தொடங்கிய திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் சேர்ந்த சங்கங்கள், சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படங்களை உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டிவருவது அப்படிப்பட்ட ஏற்பாட்டில்தான். ஒரு மாதத்தோடு நிறுத்தப் போவதில்லை என்றால் சங்கமாகப் பதிவு செய்து கூட்டமைப்பில் சேர்வதே சுலபம். டிக்கெட் போட்டு நிரந்தரமாக நடத்துவதாக இருந்தால் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் கலெக்டர் அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

12 அடி அகலத் திரை. 3,500 லூமென் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்தோம். படம் வெளிறிப்போய், இரவுக் காட்சிகளில் ஒன்றுமே தெரியவில்லை. 6,000 லூமென் எடுத்தால் சரியாகுமா? (ராஜபாளையம்)

ஆகாது. வெளிச்சம் உங்களுக்குப் போதுமான அளவு இருக்கிறது, இருட்டுதான் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடி அகலம், 16:9 விகிதம் என்றால் உயரம் 6¾ அடி, பரப்பு 81 சதுர அடி. தியேட்டர் திரைக்கு வகுத்த அளவு 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு). பளபளப்பில்லாத வெள்ளைத் திரையில் ஒரு சதுர அடிக்கு 14 லூமென் விழுந்தால் அது கிடைக்கும். 81 × 14 = 1,134 லூமென். பெட்டியில் 3,500 என்று போட்டிருப்பது பச்சை அடிக்கும் ‘டைனமிக்’ நிலையில் அளந்தது. தோல் நிறம் சரியாகத் தெரியும் ‘சினிமா’ நிலைக்கு மாற்றினால் பாதியாகக் குறைந்து 1,750 என்று வையுங்கள். வாடகைப் புரொஜெக்டரின் விளக்கு பழசு, அதிலும் மூன்றில் ஒரு பங்கு போகட்டும். அப்போதும் 1,134-ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

இனி இருட்டு. புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. திரையில் நீங்கள் பார்க்கும் கறுப்பு, புரொஜெக்டர் வெளிச்சம் விழாத இடத்தில் அறையில் மிஞ்சியிருக்கும் வெளிச்சம்தான். ஜன்னல் இடுக்கு, வெண்டிலேட்டர், கதவுக்கு அடியில் வரும் வராந்தா ட்யூப்லைட் எல்லாம் சேர்ந்து திரைமேல் 1 ஃபுட்-லாம்பர்ட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை 15, கறுப்பு 1. வித்தியாசம் 15 மடங்கு. இரட்டைப் புரொஜெக்டர் போட்டால் 29 மடங்கு. அதையே பழைய புரொஜெக்டரோடு, கசிவைப் பத்தில் ஒன்றாக அடைத்தால் 141 மடங்கு. 6,000 லூமென் வாடகைக்கு வைத்திருக்கும் பணத்தை ஜவுளிக்கடையில் கொடுத்துக் கறுப்புத் துணி வாங்குங்கள்.

துணி இரண்டு மடிப்பாக. ஜன்னல் சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் அரையடி தாண்ட வேண்டும். வெளிச்சம் துணி வழியாக வருவதைவிட ஓரத்தில்தான் அதிகம் வரும். வெண்டிலேட்டருக்குக் கறுப்பு சார்ட் பேப்பர் போதும். முழுவதும் ஒட்டாமல் மேல்பக்கம் மட்டும் ஒட்டி, கீழே ஒரு சாண் விலக்கித் தொங்கவிட்டால் காற்று வரும். இல்லையென்றால் 60 பேர் மூச்சில் ஹால் அரைமணியில் புழுங்கிவிடும். பகல் 12 மணிக்கு உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டு, கண் பழக ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். எங்கெல்லாம் ஓட்டை என்று அப்போது சுவரே சொல்லும். வெளியேறும் கதவை மட்டும் துணியால் மூடிக் கட்டக் கூடாது. அது எப்போதும்போலத் திறக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்கும் தோன்றுவதில்லை. திரைக்கு இருபக்கமும் உள்ள வெள்ளைச் சுவர். படத்தின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பித் திரைக்கே வரும். திரையிலிருந்து இருபக்கமும் ஆறேழு அடிக்கு அடர் நிறத் துணி தொங்கவிட்டால், ஜன்னலை அடைத்ததற்குச் சமமான பலன் கிடைக்கும்.

திரைத்துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றை வேட்டித் துணியில் வெளிச்சம் ஊடுருவிப் பின்சுவருக்குப் போய்விடும். ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கம் பளபளக்கும். நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு நின்று படம் முழுக்கத் தொல்லை தரும். சுவர் சமமாக இருந்தால் பளபளப்பில்லாத வெள்ளை டிஸ்டெம்பர் இரண்டு கோட்டிங் அடித்து, சுற்றி அரையடிக் கறுப்புப் பட்டை போடுவதுதான் மலிவான நல்ல திரை.

பின்வரிசைக்காரர்களுக்கு சப்டைட்டில் தெரியவில்லை, தலை மறைக்கிறது. புரொஜெக்டரையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தரை சமமான ஹால். (கும்பகோணம்)

டூரிங் டாக்கீஸ்காரர்கள் தீர்த்துவைத்த பிரச்சினை இது. முன்னால் தரை, அடுத்து நாற்காலி, கடைசியில் உயரமான பெஞ்சு. ஜமுக்காளத்தில் 20 பேர், பிளாஸ்டிக் நாற்காலியில் 30 பேர், பின்சுவரை ஒட்டி உயர பெஞ்சில் 10 பேர். நாற்காலிகளை வரிசைக்கு வரிசை அரை நாற்காலி தள்ளிப் போடுங்கள், இரண்டு தலைக்கு நடுவே பார்வை போகும். வயதானவர்கள் தரையில் உட்கார முடியாது. பக்கவாட்டில் நாலு நாற்காலியை அவர்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து நாலேகால் அடியில் இருக்கும். சப்டைட்டில் ஓடுவது படத்தின் அடியில். அதனால் திரையின் கீழ்விளிம்பு 5 அடி உயரத்தில் இருக்கட்டும். மேலே சொன்ன 12 அடி அகலத் திரை என்றால், அதன் 6¾ அடி உயரம் 11¾ அடியில் முடியும். கூரை 12 அடிக்குக் குறைவென்றால் திரையைச் சின்னதாக்குங்கள், கீழே இறக்காதீர்கள். முதல் வரிசை திரையிலிருந்து 13 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உட்கார்ந்தவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

புரொஜெக்டரின் ‘த்ரோ’ விகிதம் (திரை அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரம் என்பது) 1.5 என்றால் 12 × 1.5 = 18 அடி தூரத்தில் லென்ஸ் வேண்டும். அது கூட்டத்துக்கு நடுவில் வருவதால் கூரையில் தலைகீழாக மாட்டுவதே நல்லது. பெரும்பாலான புரொஜெக்டர்களில் தலைகீழாக மாட்டும்போது லென்ஸ் மட்டமும் படத்தின் மேல்விளிம்பும் ஏறக்குறைய ஒன்றாக வரும். உங்கள் 11¾ அடிக்கு அது பொருந்துகிறது. மெனுவில் ‘சீலிங்’ என்று மாற்றினால் படம் நிமிரும். ‘கீஸ்டோன்’ பொத்தானைத் தொடாதீர்கள். அது கோணலான படத்தைக் கணக்கில் நசுக்கி நேராக்கும், எழுத்தின் ஓரமெல்லாம் மழுங்கும். கோணல் இருந்தால் பெட்டியைத் திருப்புங்கள்.

பழைய தமிழ்ப் படம் போட்டோம். எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள். பிரதியில் கோளாறா? (ஆரணி)

அகலத்தில் இழுத்திருக்கிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே 1.37-க்கு 1 என்ற, சதுரத்தை நெருங்கிய சட்டகத்தில் எடுத்தவை. அதை 16:9-க்கு இழுத்து நிரப்பினால் அகலம் 30 சதவீதம் கூடும். கதாநாயகியின் நெற்றிப் பொட்டைப் பாருங்கள், வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். வட்டம் முட்டையாக இருந்தால் இழுத்திருக்கிறது.

முதலில் புரொஜெக்டர் மெனுவில் ‘ஃபுல்’, ‘வைட்’ என்று இருந்தால் ‘ஆட்டோ’ அல்லது ‘16:9’ ஆக்குங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஃபைலிலேயே இழுத்துவைத்திருக்கிறார்கள். விஎல்சி பிளேயரில் ‘ஏ’ விசையைத் தட்டத் தட்ட விகிதம் மாறும், 4:3-ல் நிறுத்துங்கள். 12 அடித் திரையில் படம் ஏறக்குறைய ஒன்பது அடி அகலத்தில் நிற்கும், இருபக்கமும் கறுப்பு. ‘திரையை ஏன் நிரப்பவில்லை’ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அறிமுகத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

இழுக்காமல் மேலும் கீழும் வெட்டி நிரப்பிய பிரதிகளும் உலவுகின்றன. ஆட்கள் சரியான உருவத்தில்தான் இருப்பார்கள், ஆனால் நின்றால் உச்சந்தலை இருக்காது, எழுத்து போடும்போது மேல்வரி பாதி வெட்டுப்பட்டிருக்கும். படத்தில் கால்வாசி அதில் போய்விடுகிறது. எந்த விசையாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. வேறு பிரதி தேடுங்கள்.

பின்னணி இசை காதைப் பிளக்கிறது, வசனம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. கூடவே ‘ங்ங்’ என்று ஒரு இரைச்சல். (பொள்ளாச்சி)

வசனம் தொலைவதற்குக் காரணம் பெரும்பாலும் 5.1 ஒலி, அதாவது ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி. அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனித் தடத்தில் இருக்கும். உங்களிடம் இருப்பதோ இடது, வலது இரண்டுதான். லேப்டாப் தனக்கு ஆறு ஸ்பீக்கர் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடுத்தடத்தை இல்லாத ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. லேப்டாப்பின் ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ என்று மாற்றுங்கள். நடுத்தடம் இரண்டு பக்கமும் பிரிந்து சேரும். பிரதியில் ஸ்டீரியோத் தடம் தனியாக இருந்தால் அதையே எடுங்கள்.

மீதியை ஹால் கெடுக்கிறது. டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். ஜன்னலுக்குப் போட்ட துணியும் ஜமுக்காளமும் இங்கேயும் உதவும். 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டைத் திரையின் இருபக்கமும் ஸ்டாண்டில், உட்கார்ந்தவர் தலைக்கு ஓரடி மேலே வைத்து, பின்வரிசையின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். ஹாலின் நாலு மூலையில் நாலு ஸ்பீக்கர் வைத்தால் கல்யாண வீட்டு மைக்செட்தான். காலி ஹாலில் சரியாக இருக்கும் ஒலி, 60 பேர் வந்ததும் அமுங்கும். முதல் வசனக் காட்சியில் ஒருவர் பின்வரிசையில் நின்று கைகாட்டிக் கூட்டச் சொல்லட்டும்.

‘ங்ங்’ இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். லேப்டாப் ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் ஹாலின் மறுகோடிப் பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒலிக் கம்பி வழியாக ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் இடையில் இந்த எர்த் ஓட்டத்தைத் துண்டிக்கும் ‘டிஐ பாக்ஸ்’ என்ற சின்னப் பெட்டி ஒன்று, மைக்செட் கடையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். எர்த் முள்ளை ஒடித்துவிட்டால் இரைச்சல் போகும் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். போவது இரைச்சல் மட்டுமாக இருக்காது, அதைச் செய்யாதீர்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரும் வேண்டாம். உதடு அசைந்த பிறகு சத்தம் வரும்.

சப்டைட்டில் தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போகப் பின்தங்குகிறது. நாங்களே தமிழில் செய்த சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. (நாகர்கோவில், மதுரை)

பின்தங்குவது வேகக் கோளாறு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பிய டிவிடிகள் அதை 25-ஆக ஓட்டும். 24-ஐ ஒட்டிய 23.976 வேகத்துக்குச் செய்த சப்டைட்டிலை 25 வேகப் பிரதியோடு சேர்த்தால், ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை நிமிடம் பிசகும். விஎல்சியில் ‘ஜி’, ‘எச்’ விசைகளைத் தட்டி 50 மில்லி நொடியாக நகர்த்துவது இதற்கு மருந்தல்ல. இப்போது சரியாகும், பத்து நிமிடத்தில் மறுபடி பிசகும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை 23.976-லிருந்து 25-க்கு மாற்றிச் சேமித்தால் முழுப்படத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சரிபாருங்கள். இரண்டும் பொருந்தினால் நடுவில் பெரும்பாலும் பொருந்தும்.

கட்டம் தெரிவது எழுத்துருப் பிரச்சினை. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது என்றால் கட்டம்கூட வராது, ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, விஎல்சியின் சப்டைட்டில் அமைப்பில் எழுத்துருவை ‘நிர்மலா’ அல்லது ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ என்று தேர்ந்தெடுங்கள்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு: இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு சப்டைட்டில் ஒரு நொடிக்குக் குறையவும் ஏழு நொடிக்கு மேல் நிற்கவும் கூடாது. தமிழ்ச் சொல் நீளம். ‘நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே’ என்பதைப் படிப்பதற்குள் பாத்திரம் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கும். ‘மன்னிச்சுட்டேன்னு நினைக்காத’ போதும். வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள்; மேல்வரியின் ‘கூ’ வாலும் கீழ்வரியின் ‘கீ’ சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்து உயரம் படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது உங்கள் திரையில் நாலு அங்குலம் இருந்தால் 40 அடியிலிருந்து தாராளமாகப் படிக்கலாம்.

ஊர்த் தியேட்டரில் ஞாயிறு காலை 10 மணி காட்சி தருகிறார்கள். டைரக்டர் டிசிபி (தியேட்டருக்கான டிஜிட்டல் பிரதி) அனுப்புகிறேன் என்கிறார். என்ன கேட்டு வாங்க வேண்டும்? (ஈரோடு)

முதல் கேள்வி தியேட்டருக்கு: உங்கள் சர்வர் வெளியிலிருந்து வரும் டிசிபி-யை ஏற்றிக்கொள்ளுமா? எல்லாத் தியேட்டரிலும் ஏற்றாது. ஏற்றும் என்றால் சர்வரின் பெயரையும் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்து டைரக்டருக்கு அனுப்புங்கள். படம் பூட்டியிருந்தால் அந்த ஒரு சர்வருக்கென்று, குறித்த நேரத்துக்கு மட்டும் செல்லும் ‘கேடிஎம்’ என்ற சாவி வேண்டும். பூட்டாமல் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சிறு படங்களுக்குப் பலர் சம்மதிப்பார்கள். சாவியில் நேரம் நம் ஊர்க் கணக்கில், +5:30 என்று இருக்கிறதா பாருங்கள். கிரீன்விச் கணக்கில் காலை 10 என்று போட்டிருந்தால் உங்களுக்குப் பிற்பகல் 3:30-க்குத்தான் திறக்கும். சோதனை ஓட்டத்துக்காக முதல் நாளிலிருந்தே செல்லும்படி கேளுங்கள்.

ஃபைல் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நடுவில் ‘எஃப்’ என்றால் 1.85 அகலம், ‘எஸ்’ என்றால் ஸ்கோப். ஆபரேட்டர் லென்ஸும் மாஸ்க்கும் மாற்ற வேண்டியது இதைப் பொறுத்து. கடைசியில் ‘ஓவி’ என்றால் முழுப்படம். ‘விஎஃப்’ என்றால் சப்டைட்டில் போன்ற கூடுதல் சரக்கு மட்டும். தாய் ‘ஓவி’ இல்லாமல் ஓடாது. விஎஃப்-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பது அடிக்கடி நடக்கிற சோகம்.

டிஸ்க் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ் வடிவத்தைப் படிக்கும், பல என்டிஎஃப்எஸ் படிக்கும், எக்ஸ்ஃபேட் என்றால் திருதிருவென்று முழிக்கும். 150 ஜிபி படம் பழைய யூஎஸ்பி-2 துளை வழியாக ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும், இதில் சரிபார்ப்பு வேறு. காலை 9 மணிக்கு டிஸ்க்கோடு போனால் 10 மணிக்குப் படம் இல்லை. சனிக்கிழமை இரவு இரண்டாம் ஆட்டம் முடிந்த பிறகு ஏற்றி, தொடக்கம், நடு, கடைசிப் பத்து நிமிடம் என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் எத்தனையில் வைக்க வேண்டும் என்றும் ஆபரேட்டரிடம் அப்போதே பேசுங்கள். கலவை செய்தவர்கள் 7 என்ற அளவை வைத்துச் செய்திருப்பார்கள். வாரம் முழுக்கப் பெரிய படங்களின் இரைச்சலுக்குப் பயந்து 4-ல் வைத்துப் பழகிய கை, உங்கள் அமைதியான படத்தையும் 4-லேயே ஓட்டிவிடும்.

கரண்ட் போனால்? (விருத்தாசலம்)

புரொஜெக்டர் 300 வாட், ஸ்பீக்கர், லேப்டாப் சேர்த்து 500 வாட்டுக்குள் அடங்கும். 1 கேவிஏ சைன்வேவ் இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரி ஒன்றும் சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் ஸ்பீக்கர் உறுமும். இன்வெர்ட்டரே இல்லையென்றால், கரண்ட் வந்தவுடன் விளக்குப் புரொஜெக்டரைப் போடாதீர்கள். விசிறி நின்றதால் விளக்கு சூட்டோடு இருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு வெடிக்கும் அபாயம் உண்டு. லேசர், எல்இடி புரொஜெக்டருக்கு இந்தக் கவலை இல்லை.

படம் முடிந்த பிறகு நடக்கும் கலந்துரையாடலில் இரண்டு பேரே முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். மற்றவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். இடைவேளை விட்டு அப்போது பேசலாமா? (புதுச்சேரி)

இடைவேளையில் பேச்சு வேண்டவே வேண்டாம். பார்க்காத பாதியை யாராவது சொல்லிவிடுவார்கள். படத்துக்கு முன்னால் ஐந்து நிமிட அறிமுகம்: எந்த ஆண்டு, எந்த நாடு, எவ்வளவு நேரம், திரையின் விகிதம் ஏன் இப்படி. கதை வேண்டாம். பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை மூன்றையும் நாலாம் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள், அதற்குள் மறந்துபோனால் நல்லது. படம் முடிந்து பெயர்கள் ஓடி முடியும்வரை விளக்கைப் போடாதீர்கள். பிறகு பாதி விளக்கு. மைக் கொடுக்காதீர்கள், 60 பேர் ஹாலுக்குக் குரல் போதும், கையில் மைக் வந்தால் எவரும் பேச்சாளர் ஆகிவிடுவார். இதுவரை பேசாதவருக்கு முதல் வாய்ப்பு, ஒருவருக்கு இரண்டு நிமிடம், 20 நிமிடத்தில் முழு விளக்கு. இன்னும் பேச வேண்டும் என்பவர்கள் டீக்கடைக்குப் போகட்டும்.

இடைவேளை என்பது நம் படங்களில் திரைக்கதையிலேயே இருப்பது, அங்கே விடுங்கள். வெளிநாட்டுப் படம் 110 நிமிடம் என்றால் விடாமலே ஓட்டலாம். 150 நிமிடம் என்றால் முன்கூட்டியே பார்த்து, ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தின் நேரத்தைத் தாளில் குறித்துவைத்து அங்கே நிறுத்துங்கள். ஆபரேட்டர் கை போன இடத்தில் நிறுத்த வேண்டாம். டீயை 60 பேரும் கீழே இறங்கிப் போய்க் குடிக்க அரைமணி ஆகும். கடைக்காரரிடம் முன்பே சொல்லி, இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்னால் இரண்டு கேனில் வாங்கி வராந்தாவின் இரண்டு முனையிலும் வைத்துவிட்டால் பத்து நிமிடத்தில் முடியும். சர்க்கரை இல்லாத கேனுக்கு ஒரு சிவப்பு நூல் கட்டிவையுங்கள், அரை இருட்டில் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.